லைன், லயம், நிரை: மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,



மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் தமிழோ ஆங்கிலமோ கற்பிக்கிற உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். ஒரு சொல்லுக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'லைன்'.

உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். "என் பாட்டி லயத்தில் வளர்ந்தார். காலையில் நிரை முடித்துவிட்டுத்தான் பசியாறுவார்" என்று கட்டுரைப் புத்தகத்தில் எழுதியிருந்தாள். 'லயத்தில்' என்பதை அடித்து 'வரிசை வீட்டில்' என்றும், 'நிரை' என்பதை அடித்து 'வரிசை' என்றும் சிவப்பு மையில் திருத்தம் விழுந்திருந்தது. பாட்டி எங்கோ பணம் கட்ட வரிசையில் நின்றுவிட்டு வந்து பசியாறியதாக ஆகிவிட்டது! அதே பிள்ளையின் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் 'லைன்' என்ற சொல்லுக்கு எதிரே 'வரிசை, கோடு' என்று இரண்டே சொற்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். திருத்தியவரும் பிள்ளைக்கு நல்ல தமிழ் வர வேண்டும் என்ற அக்கறையில்தான் திருத்தியிருப்பார். ஆனால் ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பல பொருள் உண்டு என்று ஒரு புத்தகத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தப் பொருள்களுக்கெல்லாம் வீட்டில் தனித்தனியாக இருந்த தமிழ்ச் சொற்களை இன்னொரு புத்தகத்தில் அடித்துப் போடுகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது நமக்குப் புதிதா என்ன? திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதியே 'ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி'தான். ஆங்கிலத்தில் இதைக் காட்ட 'செட்' என்ற சொல்லை எடுப்பது வழக்கம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு அதற்குத்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் 'செட்' எதற்கு? அவர்களுடைய தாத்தா பாட்டி குடியிருந்ததே ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள்தானே!

'லைன்' என்பதன் வேர் இலத்தீன் மொழியில் ஆளிச் செடியைக் குறிக்கும் 'லினும்'. அதன் நாரில் நெய்ததுதான் 'லினன்' துணி. நாரிலிருந்து நூல், நூலிலிருந்து கயிறு, கயிறு பிடித்துப் போட்ட கோடு, கோட்டில் நிற்கும் ஆட்கள் என்று அந்தச் சொல் கிளைத்துக்கொண்டே போனது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. பொருளுக்குப் பொருள் வேறு சொல் வைத்துக்கொண்டது. துணி காயப்போடுவது கொடியில். மீன் பிடிப்பது தூண்டில் நரம்பில். செய்யுளில் வருவது அடி, உரைநடையில் வருவது வரி. தாத்தனுக்குத் தாத்தன் என்று எண்ணிப் போனால் அது கால்வழி அல்லது கொடிவழி. வறுமைக்குக் கோடு, நாட்டுக்கு எல்லை. இந்த 'வரி'யும் லேசுப்பட்டதல்ல. எழுதினால் வரி, வருமானத்தில் பிடித்தாலும் வரி. இதையெல்லாம் ஆங்கில வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாருங்கள். அந்த வாரத்துக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

இனி லயத்துக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் குடியிருப்புக் கட்டி, அதை 'லைன்ஸ்' என்றார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட இன்றைக்கும் போலீஸ் லைன் என்றொரு தெரு இருக்கும். டில்லியில் 'சிவில் லைன்ஸ்' இருக்கிறது. பட்டாளத்துச் சொல்லைத் தோட்டத்துத் துரைமார்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் எடுத்துப் போனார்கள். மலாயாவில் வணிக ரப்பரின் கதை நம் மாநிலத்தில்தான் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லியின் தூண்டுதலில் மலாக்காக்காரர் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்துப் புக்கிட் ஆசாஹானில் பல மடங்கு பெரிய தோட்டம் எழுந்தது. 1910-இல் சைம், டார்பி என்பவர்கள் தோட்டங்களை நிர்வகிக்கக் கும்பெனி தொடங்கியதும் மலாக்காவில்தான். மரம் வந்தால் ஆள் வேண்டும்; ஆள் வந்தால் படுக்க இடம் வேண்டும். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1938-இல் இந்திய அரசு தடைபோடும் வரைக்கும் அது நடந்தது. வந்து இறங்கியவர்கள் படுத்த இடத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் 'கூலி லைன்ஸ்' என்று பெயர்.

வாய் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. லைன் என்பது லயன் ஆகி, லயன் லயம் ஆனது. இலக்கணம் நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: லயத்தில், லயத்துக்கு, லயத்து வீடு. மரத்தில், குளத்துக்கு, நிலத்து வரப்பு என்பது போலவே அத்துச் சாரியை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அத்துச் சாரியை ஏற்ற சொல்லுக்குக் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை கிடைத்துவிட்டது என்று பொருள். அதன் பிறகும் 'நீ எந்த ஊர்' என்று கேட்டுக்கொண்டிருப்பது நமக்கு அழகில்லை.

குதிரை கட்டும் கொட்டிலுக்கு இலாயம் என்ற பெயர் தமிழில் முன்பே உண்டு. லயம் அதிலிருந்து வந்ததாகவும் சிலர் சொல்வார்கள். ஒலி ஒத்துப்போகிறது, குத்தலும் சரியாகப் பொருந்துகிறது. ஆனாலும் இலங்கை மலையகத்தில் இன்றும் 'லயன்' என்ற வடிவமும் வழங்குவதைப் பார்த்தால் ஆங்கில 'லைன்' பக்கம்தான் என் சாய்வு. தாளத்தோடு பிறந்த லயம் வேறு. இசை ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் பரவியது பாருங்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் லயம். மூணாறிலும் லயம். மூணாற்றுப் பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் மாதம் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனவை தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள்தாம். 70 பேர் உயிரிழந்தார்கள். மலாக்காவில் ரப்பர் வெட்டியவரும் மூணாற்றில் கொழுந்து கிள்ளியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் இருந்த வீட்டுக்கு ஒரே பெயர். 'வரிசை வீடு' என்று திருத்தினால் இந்த உறவு அறுந்துபோகிறது. அகராதியில் வரிசை வீடு என்பது யார் வேண்டுமானாலும் குடியிருக்கக்கூடிய வீடு. லயம் அப்படிப்பட்டதல்ல. அதற்குச் சொந்தக்காரன் தோட்டம். வேலை போனால் வீடும் போகும்.

ஒரே கூரையின் கீழ் நீளமாகப் பத்துப் பன்னிரண்டு கதவுகள். பலகைத் தடுப்பு கூரைவரைக்கும் போகாத லயங்களும் இருந்தன. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீடு தும்மும், ஒரு வீட்டில் சண்டை வந்தால் லயமே விழித்திருக்கும். முன்னால் ஓடுகிற திண்ணைக்கு அஞ்சடி என்று பெயர். நகரத்துக் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் நடைபாதை விட வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம்; மலாய்க்காரர்கள் அதைக் 'காக்கி லீமா' என்றார்கள், நம்மவர்கள் அஞ்சடி என்றார்கள். மலாக்கா நகரத்துக் கடைத்தெருவின் சொல் தோட்டத்துக்குள் நடந்து வந்து திண்ணையாகிவிட்டது. அங்கேதான் பேன் பார்த்தார்கள், அங்கேதான் சீட்டு ஏலம் விட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்களை உட்காரவைத்ததும் அங்கேதான். இந்தச் சொல்லும் ஏதோ ஒரு கட்டுரையில் 'தாழ்வாரம்' ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதை மாற்றி 1990-இல் 446ஆம் எண் சட்டம் வந்தது. லயம் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் வீடாயிற்று. பிறகு ரப்பர் மரமும் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்தின் ஒரு பகுதி தாமான் என்ற வீடமைப்புப் பகுதியாயிற்று. இன்று லட்சக்கணக்கான வெள்ளி கடன் வாங்கி நாம் குடியேறுகிற டெரஸ் வீட்டிலும் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்தான், ஒரே கூரைதான். யாரும் அதை லயம் என்று சொல்ல மாட்டார்கள். கட்டடத்தின் வடிவத்தைச் சொல்வது 'வரிசை', அதில் இருந்தவர்களின் நிலையைச் சொல்வது 'லயம்' என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

நிரைக்கு வருவோம். அதை அடித்ததுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

லயத்தையாவது வந்தேறிச் சொல் என்று சொல்லலாம். நிரை யார் வீட்டுச் சொல்? யாப்பில் நேர், நிரை என்று அசை பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நீங்கள்தானே? ஆநிரை கவர்ந்தார்கள், ஆநிரை மீட்டார்கள் என்று வெட்சிக்கும் கரந்தைக்கும் விளக்கம் சொல்வதும் நீங்களே. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் அணிக்கோவை வரும் இடத்தில், கிடையாக இருப்பது நிரை, செங்குத்தாக இருப்பது நிரல். கணினியில் அட்டவணை போடுகிறவர்களுக்கும் இந்தச் சொல் வேண்டும். இத்தனை பெரிய இடத்துச் சொல்லைப் பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பாட்டி, 'நெரை' என்று கொஞ்சம் வளைத்து, விடியற்காலை இருட்டில் தலைவிளக்கோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே புழங்கினார். அந்தச் சொல்லைத்தான் கொச்சை என்று அடித்திருக்கிறோம்.

நிரைக்குத் தோட்டத்தில் இருந்த பொருள் ஆங்கில 'லைனு'க்குக்கூட இல்லை. ஒரு பக்கம் அது மரங்களின் வரிசை. இன்னொரு பக்கம் அது ஒருவருக்கு அன்றைக்குக் கொடுத்த வேலை. 'என் நிரை' என்றால் என் பொறுப்பில் உள்ள நானூறு ஐந்நூறு மரங்கள். நிரை மாறினால் வருமானம் மாறும்; பால் குறைந்த கிழட்டு மரங்களுள்ள நிரை கிடைத்தால் தோட்டக் கணக்கரான கிராணியைத் திட்டிக்கொண்டே வெட்ட வேண்டியதுதான். 'மரம் வெட்டுவது' என்றதும் தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் கோடரியை நினைத்துப் பதறியதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு மரம் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது.

அந்தச் சீவலிலும் ஒரு 'லைன்' இருக்கிறது. மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் நேராக நிற்பதில்லை, சற்றுச் சாய்ந்திருக்கின்றன. அதனால் உளியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து இழுக்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழல் அறுபடும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. அந்தச் சரிவுக்குப் பெயர் கோடு. மங்கு என்ற கோப்பையில் பால் சொட்டி ஓய்ந்த பிறகு கோட்டிலேயே மெல்லிய நாடா மாதிரி உறைந்து கிடப்பது கோட்டுப்பால். மறுமுறை வெட்ட வரும்போது முதலில் அதை உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அதற்கும் காசு உண்டு. ஒரு சொல்லைப் பார்த்தீர்களா? கோட்டில் விளைந்த பால், கோட்டுப்பால். 'கோடு' நிலைமொழியாக நின்று ஒற்று இரட்டித்துப் புணர்ந்திருக்கிறது. புணர்ச்சி நடத்தும்போது ஆற்றுநீர், வீட்டுக்கூரை என்று உதாரணம் சொல்கிறோம். ஒரு நாள் கோட்டுப்பாலையும் சேர்த்துக்கொண்டால் நன்னூலார் ஒன்றும் சொல்லமாட்டார்.

விடியற்காலையில் பெயர் கொடுக்க ஆட்கள் கூடி நிற்கும் வரிசையும் ஆங்கிலத்தில் 'லைன்'தான். நம் ஊரில் அது பெரட்டு. 'பரேட்' என்ற பட்டாளத்துச் சொல்லின் தோட்டத்து வடிவம் அது. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய கூலி போச்சு. மலாயில் வரிசைக்குப் 'பாரிசான்' என்பார்கள். பாரிசான் நேஷனல் என்ற பெயரைத் தமிழ்ப் பத்திரிகைகள் தேசிய முன்னணி என்று எழுதின, தேசிய வரிசை என்று எழுதவில்லை. அந்த விவேகம் நமக்கும் வேண்டும்.

ரயில் பாதையும் 'லைன்'தான். இதை வரலாற்றுப் பாடத்தில் கட்டாயம் சொல்லுங்கள். தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிளைப் பாதையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட அவர்களுக்குத் தண்டவாளம் வேண்டியிருந்தது, ஆளும் வேண்டியிருந்தது. தண்டவாளத்தை இங்கேயிருந்து எடுத்தார்கள். ஆளை லயத்திலிருந்து பிடித்தார்கள். அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்பதற்குத் தோட்டத்துக்குத் தோட்டம் கதை உண்டு. 'சயாமுக்குப் போனவர்' என்று ஒரு வீட்டில் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். போர் முடிந்து மற்ற ஊர்களில் ரயில் ஓடியது. மலாக்கா நகரத்துக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. இன்றைக்கும் மலாக்கா நகரத்துக்கு ரயிலில் வருகிறவர் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். 'லைன்' என்ற ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள், லயமும் தண்டவாளமும், ஒரே காலத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. எந்த அகராதியும் இப்படி ஓர் எடுத்துக்காட்டைத் தராது.

போருக்குப் பின் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. வேலிக்கு வெளியே சோறு எடுத்துப் போகக் கூடாது, ஊரடங்கு நேரத்தில் கோட்டைத் தாண்டக் கூடாது. 1953 செப்டம்பரில் மலாக்காவின் சில பகுதிகள்தாம் நாட்டிலேயே முதன்முதலாக 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டுக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். 1967-இல் புக்கிட் ஆசாஹான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்குக் கால்நடையாகவே போனார்கள். அதைப் பற்றியும் கேளுங்கள்.

காஜா பேராங்கில் இருக்கிற, தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளையும் இங்கே நினைக்கிறேன். வீட்டு மொழி மலாயாகிப் பல தலைமுறை ஆயிற்று. ஆனாலும் போகி அன்றைக்கு வாழையிலை போட்டு முன்னோருக்குப் படைக்கிறார்கள். அதற்கு அவர்கள் 'பார்ச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மொழி போன பிறகும் அவர்களிடம் கால்வழி நிற்கிறது. நம்மிடம் மொழி இருக்கிறது, கால்வழியைச் சொல்லும் சொற்களை நாமே அடிக்கிறோம்.

புதுச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'ஆன்லைன்' என்பதை மலேசியத் தமிழர்கள் 'இயங்கலை' என்று ஆக்கினோம். தமிழ்நாட்டில் இணையவழி என்கிறார்கள். எனக்கு இயங்கலை பிடித்திருக்கிறது. நாமே செய்தது, புழக்கத்திலும் இருக்கிறது. கைப்பேசியில் 'லைன் இல்ல' என்று பிள்ளைகள் சொல்வதையும் நான் திருத்த மாட்டேன். அவர்களுக்கு அது இயல்பாக வருகிறது. புதிதாக ஒன்றை உண்டாக்குகிற அதே கையால் பழையதை அடிக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம். தேர்வில் பொதுத்தமிழ் எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் 'லயம் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு)' என்று எழுதக் கற்றுக்கொடுங்கள். மதிப்பெண்ணும் போகாது, சொல்லும் போகாது.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆங்கில ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒரே வாரத்தில் 'லைன்' பாடத்தை எடுங்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, லயம், நிரை, கோட்டுப்பால், அஞ்சடி, பெரட்டு என்ற ஐந்து சொற்களையும் தாத்தா பாட்டி எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். சொல்லுக்கு அருத்தம் மட்டும் போதாது. அது வருகிற முழு வாக்கியம் வேண்டும், தோட்டத்தின் பெயர் வேண்டும், சொன்னவரின் குரலைக் கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டும். டைமண்ட் ஜூபிலித் தோட்டத்தில் ஒரு மாதிரியும் அலோர் காஜாப் பக்கம் வேறு மாதிரியும் சொல்லியிருந்தால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றாக்கிவிடாதீர்கள். ஆண்டு முடிவில் எல்லாப் பள்ளிகளின் பட்டியலையும் ஒன்று சேர்த்தால், மலாக்காத் தோட்டத்துத் தமிழுக்கு ஒரு நிகண்டு கையில் கிடைக்கும். அச்சுச் செலவுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் நானும் நாலு பேரைப் பிடித்துத் தருகிறேன்.

மரம் வெட்டிய தலைமுறையில் பெரும்பாலோருக்கு எண்பது தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று தள்ளாமல், இந்தத் தவணையிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கட்டுரைகளை ஆசையோடு படிக்கிற
ஜாசின்காரன் ஒருவன்